உப்பு ஜாடியின் மேல் ஒரு தேதி

தேக சுகத்தைப் பற்றி நம்மவர்கள் செய்துகொள்ளும் சங்கற்பங்களுக்கு அளவே இல்லை. வருஷப் பிறப்பு வந்தால் போதும். நாளை முதல் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருப்பது, ஐந்து மைல் நடப்பது, இரவில் பழம் மட்டும் உண்பது, காப்பியை அடியோடு விட்டுவிடுவது என்று பெரிய பெரிய தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறுகின்றன. முதல் நாள் எழுந்திருக்கிறோம், நடக்கிறோம். இரண்டாம் நாள் கால் வலிக்கிறது. மூன்றாம் நாள் மழை தூறுகிறது. நான்காம் நாள் ஏழு மணிக்குக் கண் விழித்து, படுக்கையில் இருந்தபடியே, "காப்பி ஆயிற்றா?" என்று கேட்கிறோம். தீர்மானமும் அன்றோடு முடிவடைகிறது.

இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. பெரிய சங்கற்பம் என்பது மனவுறுதியை மட்டுமே மூலதனமாக வைத்து நடத்தும் வியாபாரம். அந்த மூலதனம் நம்மில் பெரும்பாலோரிடம் வெகு சீக்கிரத்தில் கரைந்துவிடுகிறது. சிறு வழக்கத்துக்கோ அவ்வளவு மூலதனம் வேண்டியதில்லை. செருப்பை வாயிலில் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்கு யாராவது சங்கற்பம் செய்துகொள்கிறார்களா? சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதற்கு நாள் பார்க்கிறார்களா? செய்து செய்து பழகிவிட்டது, ஆகவே செய்கிறோம். ஆரோக்கியத்தைப் பொறுத்த வரையில் பெரிய சங்கற்பங்களால் ஆகாத காரியம் இத்தகைய சிறு வழக்கங்களால் ஆகிறது என்பது நமது அபிப்பிராயம். அபிப்பிராயம் சொன்னால் மட்டும் போதாது. ஓர் உதாரணமாவது காட்ட வேண்டும். நாம் காட்ட எண்ணியிருக்கும் உதாரணம் நேயர்களின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதுதான் உப்பு ஜாடி.

நண்பரின் பேனா

நமக்கு ஒரு நண்பர் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருக்கும். தெருவில் யார் வீட்டில் கலியாணம் நடந்தாலும் அழைப்பிதழ் உறைகளில் விலாசம் எழுதும் பொறுப்பு அவருடையதுதான். வெற்றிலை, புகையிலை, பொடி எதுவும் அவருக்குக் கிடையாது. "டாக்டர் வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கூட எனக்குத் தெரியாது!" என்று சொல்லிச் சிரிப்பார்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலையில் அவர் பால் கணக்கு எழுத உட்கார்ந்தார். விரல்களிலிருந்து பேனா நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார்; எடுக்க முடியவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார், சொல் குழறிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவருக்கு ரத்தக் கொதிப்பு எவ்வளவு காலமாக இருக்கிறது?" என்பதுதான். வீட்டாரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஒரு நாளாவது அளந்து பார்த்திருந்தால் அல்லவா தெரியும்? பல ஆண்டுகளாகச் சத்தமின்றி ஏறிக்கொண்டிருந்த அழுத்தம், அன்று காலையில் மூளைக்குள் இருந்த ஒரு சிறு ரத்தக் குழாயை உடைத்துவிட்டது. தெய்வாதீனமாக உயிர் பிழைத்தார். இன்று கோலூன்றி நடக்கிறார். பேச்சும் பெரும்பாலும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்ந்து விழுவது, பேச்சுக் குழறுவது ஆகிய மூன்றில் எது ஒன்று தோன்றினாலும், "சற்றுப் படுத்திருந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருத்தல் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதால் வரும் வாதமாக இருந்தால், முதல் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தி, பல பேரைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவந்துவிட முடிகிறது. நேரம் தவறினால் அந்தச் சந்தர்ப்பம் போய்விடுகிறது.

நண்பரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த நாம் நேரே வீட்டுக்குப் போகவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் போய்க் கையை நீட்டினோம். கருவி 154-க்கு 96 என்று காட்டிற்று. நமக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, படபடப்பு இல்லை. இரவில் நன்றாகத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. "கருவியில் ஏதாவது கோளாறு இருக்கலாம்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தோம். டாக்டர் சிரித்தார். வேறு இரண்டு நாட்களில் வரச் சொல்லி மறுபடியும் அளந்தார். கருவியில் கோளாறு இல்லை.

எட்டடி ஏறிய ரத்தம்

ரத்த அழுத்தம் என்றால் என்ன? இருதயம் சுருங்கி ரத்தத்தை உந்தித் தள்ளும்போது குழாய்களின் சுவரில் தாக்கும் அழுத்தம் மேல் எண்; இருதயம் தளர்ந்து அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும்போது எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். 120-க்கு 80 என்ற அளவையொட்டி இருந்தால் கவலையில்லை. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140-ஐயோ கீழ் எண் 90-ஐயோ எட்டினால் அது ரத்தக் கொதிப்பு.

இதை முதன்முதல் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் ரத்தக் குழாயில் பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை இணைத்து நிறுத்தினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-ல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மனிதர்களிடம் இந்த முறையைக் கையாள முடியாதல்லவா? 1896-ல் இத்தாலி தேசத்து டாக்டர் ரிவா ரோச்சி புஜத்தில் காற்றுப் பட்டை கட்டி அளக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். 1905-ல் ருஷ்ய டாக்டர் கொரட்காஃப், பட்டையின் கீழே குழல் வைத்துக் கேட்டு இரண்டு எண்களையும் தெரிந்துகொள்ளும் வழியைக் காட்டினார். அன்று முதல் இது இரண்டு நிமிஷ வேலை, வலி இல்லை, ரத்தம் சிந்துவதில்லை. ஆயினும் நம் நண்பரைப் போல் அறுபது வயது வரை ஒரு முறை கூட அளந்து பார்க்காதவர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர்.

அளந்து பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாத காலமும் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரத்த அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. உலகத்திலேயே மிகவும் சக்தி வாய்ந்த அந்த மனிதருக்கு டாக்டர்கள் சொல்ல முடிந்ததெல்லாம் ஓய்வு கொள்ளுங்கள், உப்பைக் குறையுங்கள் என்பதையொட்டிய சில யோசனைகளே. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி அவர் தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்தபோது 300-க்கு 190 இருந்தது. அன்று பிற்பகலே காலமானார். இன்று நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஏழைக் குடியானவருக்குக் கிடைக்கும் மாத்திரை அன்று அந்த ஜனாதிபதிக்குக் கிடைக்கவில்லை.

அப்படியிருந்தும் நோய் குறைந்தபாடில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், நாடெங்கும் லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. வயது வந்த 100 பேரில் 35 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக அது தெரிவிக்கிறது. ஒரு வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவருக்கு என்று கணக்கு ஆகிறது.

உப்பு என்ன செய்கிறது?

உப்பு விரோதியன்று. உப்பு இல்லாமல் நரம்பு வேலை செய்யாது, தசை அசையாது. ஆனால் தேகத்துக்கு அன்றாடம் வேண்டிய உப்பு வெகு சொற்பம். மிகுதியாக உண்பதைச் சிறுநீரகங்கள் வெளியேற்றப் பார்க்கின்றன. நாள் தவறாமல் மிகுதியாகவே வந்துகொண்டிருந்தால் அவை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகின்றன. தங்கிப் போகும் உப்பு தன்னுடன் தண்ணீரையும் தங்க வைக்கிறது. குழாய்களுக்குள் ஓடும் ரத்தத்தின் அளவு பெருகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால் குழாய்களின் சுவர் தடித்து, விறைத்து, நெகிழும் தன்மையை இழக்கிறது. வெயிலில் கிடந்து இறுகிப்போன தோட்டத்து ரப்பர்க் குழாயைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

"வயதானால் கொதிப்பு ஏறத்தானே செய்யும்?" என்று சிலர் கேட்கக்கூடும். 1988-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு நல்ல விடை தருகிறது. 32 நாடுகளில், 52 இடங்களில், பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தத்தையும் அவர்கள் உண்ணும் உப்பையும் அளந்தார்கள். பிரேஸில் நாட்டுக் காடுகளில் வசிக்கும் யானமாமி என்ற ஆதிவாசிகள் உணவில் உப்புச் சேர்ப்பதே இல்லை. அவர்களுடைய சராசரி அழுத்தம் 96-க்கு 61. அதைவிட முக்கியம், வயது ஏறியும் அவர்களிடம் அழுத்தம் ஏறக் காணோம். அவர்கள் வாழ்க்கை முறையே வேறு என்பது உண்மைதான். எனினும், ரத்தக் கொதிப்பு மூப்புடன் சேர்ந்து பிறந்த பிறவிக் குணம் அன்று என்பதாவது தெளிவாகிறது.

அரிசியுண்ணும் நமக்கு வேறொரு விஷயம் ருசிக்கும். அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையில் பணியாற்றிய கெம்ப்னர் என்ற டாக்டர், கைவிடப்பட்ட ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு 1940-களில் ஓர் உணவு முறையை வகுத்தார். வெறும் சோறு, பழம், பழரசம், சர்க்கரை, இவ்வளவுதான். அவர்களில் பல பேருக்கு அழுத்தம் இறங்கிற்று. வீங்கியிருந்த இருதயம் சுருங்கிற்று. கண்ணுக்குள் கசிந்திருந்த ரத்தம் மறைந்தது. யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய பத்தியம் அல்ல அது, மிகவும் கடுமையானது. ஆனால் அதிலிருந்து நாம் அறிந்துகொள்வது ஒன்று உண்டு. அரிசியில் இயல்பாக உள்ள உப்புச் சத்து மிகச் சொற்பம். ஆகவே குற்றம் இலையின் நடுவில் இல்லை. இலையின் ஓரங்களில் இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, மிக்ஸர், முறுக்கு, பொட்டலத்தில் வரும் வறுவல் இவையெல்லாம் எங்கே உட்காருகின்றன என்று பார்த்தால் விளங்கும்.

எவ்வளவு உப்புப் போதும்? வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. தேக்கரண்டியில் தலை தட்டி எடுத்தால் ஒரு கரண்டிக்குச் சற்றுக் குறைவு. குழம்பு, ரசம், கறி, இட்டிலி, சட்டினி, தின்பண்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். உலகத்தார் உண்பது சராசரி 10 கிராமுக்கு மேல். நம் நாட்டில் 8 முதல் 11 கிராம் வரை என்று பல ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. புலவிக்கு உவமை தேடிய வள்ளுவர் உப்பைத்தான் எடுத்துக்கொண்டார். அளவோடு அமைந்தால் சுவை, சற்று மிகுந்தாலும் கேடு என்பது அவர் கருத்து. காதலருக்குச் சொன்னது சமையலுக்கும் பொருந்துகிறது.

வீட்டுக்குள் ஒரு சத்தியாக்கிரகம்

உப்பைக் குறைக்கச் சொல்லுவது நமக்கே சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. உப்புக்காக அல்லவா நம்மவர்கள் அடிபட்டார்கள்? 1930-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் தேதி சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தியடிகள் ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டியில் உப்பெடுத்தார். ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்த ராஜாஜி 28-ஆம் தேதி வேதாரணியம் சேர்ந்தார். 30-ஆம் தேதி உப்பெடுத்துக் கைதானார். உப்பு வரி ஒழிந்தது 1947-ல்தான். வெயிலில் வியர்வை சிந்தி உழைக்கும் ஏழைக்குக் கஞ்சியில் போட்டுக்கொள்ள உப்பு வேண்டும். அதற்கு வரி போடுவது அநியாயம் என்பதே அந்தப் போராட்டத்தின் நியாயம். அந்த நியாயம் இன்றும் நியாயந்தான். நாளெல்லாம் வயலில் நிற்பவருக்கு வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. மின்சார விசிறியின் கீழ் உட்கார்ந்து கணக்கெழுதும் நாமும் அவரைப் போலவே உப்புண்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

அதே காந்தியடிகள் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில், வேறொரு உப்புச் சத்தியாக்கிரகம் நடத்தினார். கஸ்தூரிபாய் அம்மையார் நோயுற்றிருந்தார். உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி காந்தியடிகள் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அம்மையார் இணங்கவில்லை. உங்களை விடச் சொன்னால் உங்களாலேயே விட முடியாது என்று கூறிவிட்டார். உடனே காந்தியடிகள், யாரும் சொல்லாமலே, ஓராண்டுக்கு இரண்டையும் விட்டதாக அங்கேயே விரதம் பூண்டார். அம்மையார் பதறிப்போய் விரதத்தைக் கைவிடும்படி வேண்டியும் அவர் மாறவில்லை. பிறகு அம்மையாரும் விட்டார், உடம்பும் தேறிற்று. சுயசரிதையில் இந்த நிகழ்ச்சிக்கு வீட்டுச் சத்தியாக்கிரகம் என்று பொருள்படும்படியே அவர் தலைப்பிட்டிருக்கிறார். வைத்தியம் சரியா என்பது வேறு விஷயம். நம்மைக் கவர்ந்தது அதன் முறை. வீட்டில் உப்பைக் குறைக்க வேண்டுமென்றால், சாப்பிட உட்காருகிறவர் முதலில் தம் நாக்கைச் சீர்திருத்திக்கொள்ள வேண்டும். சமைக்கிறவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

ஜாடியின் கணக்கு

நம் வீட்டில் நாம் நான்கு பேர்: தாயார், மனைவி, கல்லூரியில் படிக்கும் பெண், நாம். டாக்டர் ஒரு சிறு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினம் எவ்வளவு உப்புச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். "அளவாகத்தான்" என்றோம். "அளவு எவ்வளவு?" என்றார். விழித்தோம். அப்போது அவர் சொல்லிக் கொடுத்த வித்தைதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

உப்புப் பொட்டலத்தைப் பிரித்து ஜாடியில் கொட்டும்போது, ஜாடியின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அன்றைய தேதியை எழுத வேண்டியது. காலியாகும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டியது. அவ்வளவுதான். தலைக்கு 5 கிராம் என்றால் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ உப்பு 50 நாள் வரவேண்டும். நம் வீட்டு ஜாடி எத்தனை நாள் வந்தது என்று நினைக்கிறீர்கள்? 23 நாள்! தலைக்கு ஏறக்குறைய 11 கிராம். வடித்துக் கொட்டும் தண்ணீரோடு போவதைக் கழித்தாலும், கடையில் வாங்கித் தின்றவற்றில் உள்ள உப்பைக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும். "நம் வீட்டிலா?" என்று நம் மனைவி நம்பாமல் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

ஒரேயடியாகப் பாதியாக்குவது என்று நாம் பழைய வழக்கப்படி ஒரு பெரிய சங்கற்பம் செய்தோம். அன்றைய குழம்பை வாயில் வைத்த தாயார், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, தெரியாதாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டு இலையை விட்டு எழுந்துவிட்டார். சங்கற்பம் ஒரே நாளில் தோற்றது. பிறகு நம் மனைவியே வழி கண்டாள். கை அளவை விட்டுக் கரண்டி அளவுக்கு மாறினாள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை அந்தக் கரண்டியில் ஒரு சிட்டிகை குறைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை. இலையின் ஓரத்தில் உப்பு வைக்கும் பழக்கம் நின்றது. தயிர்ச் சோற்றில் உப்புக்குப் பதில் இஞ்சியும் கொத்தமல்லியும் வந்தன. ரசத்தில் மிளகும் சீரகமும் ஒரு பங்கு ஏறின. கறியின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். புளிப்பும் காரமும் மணமும் முன்னே வந்தால் உப்பின் குறைவை நாக்கு அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஊறுகாயும் அப்பளமும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளாயின. அப்பளக்காரமும் சமையல் சோடாவும் கூடச் சோடியந்தான் என்பதை நம் பெண் படித்துச் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.

இரண்டாம் ஜாடி 29 நாள் வந்தது, மூன்றாவது 38, நான்காவது 47. நாக்கு பழகிக்கொண்டதா என்பது ஒரு கலியாண வீட்டில் தெரிந்தது. சாம்பாரை வாயில் வைத்த தாயார் முகத்தைச் சுளித்து, "என்ன இப்படிக் கரிக்கிறது?" என்றார். பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் அதே சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்! நாக்கு இரண்டு மூன்று மாதங்களில் குறைந்த உப்புக்குப் பழகிவிடும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுவது மெய்தான். சென்ற வாரம் டாக்டர் அளந்தபோது நம் அழுத்தம் 128-க்கு 82. இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, ஜாடியின் பங்கு எவ்வளவு என்று நாம் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் மாத்திரை நமக்கு மட்டும் வேலை செய்கிறது; ஜாடி வீட்டில் உள்ள நால்வருக்கும் வேலை செய்கிறது.

ஒரு தேசமே குறைத்தால்

ஒரு வீட்டுக்கு ஆனது ஒரு நாட்டுக்கும் ஆகும். பின்லாந்து தேசத்தின் கிழக்கே வட கரேலியா என்று ஒரு மாகாணம். அங்கே நடுத்தர வயது ஆண்கள் இருதய நோயால் கூட்டங்கூட்டமாக மாண்டுகொண்டிருந்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரின் தலைமையில் ஓர் இயக்கம் தொடங்கிற்று. இல்லத்தரசிகளின் சங்கங்கள் சமையலைச் சீர்திருத்தின. பின்னர் நாடு முழுவதும் ரொட்டி, இறைச்சி முதலியவற்றில் உப்பைக் குறைத்தார்கள். உப்பு மிகுந்த பண்டங்களின் மேல் அதை அச்சிட வேண்டுமென்று 1990-களில் சட்டம் வந்தது. முப்பதாண்டுக் காலத்தில் உப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அறுபத்தைந்து வயதுக்குள் வாதத்தாலும் இருதய நோயாலும் இறப்பவர்கள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். புகையிலையும் வெண்ணெயும் குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு.

சீன தேசத்தில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2021-ல் வெளியாயிற்று. பாதிக் கிராமங்களில் சாதாரண உப்பு. மற்றப் பாதியில் நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு. ஐந்தாண்டுகளுக்குள் பின்னவர்களிடையே பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. சமையல் மாறவில்லை, வழக்கம் மாறவில்லை, ஜாடியில் இருந்த உப்பு மட்டும் மாறியது.

சில எச்சரிக்கைகள்

பொட்டாசியம் கலந்த உப்பு எல்லோருக்கும் ஏற்றதன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேளாமல் அதைத் தொடுதல் ஆகாது. கல்லுப்பு, இந்துப்பு, கடலுப்பு என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான்; பெயரில் ஏமாற வேண்டாம். அயோடின் சேர்த்த உப்பைக் குறைவாகப் பயன்படுத்தலாமே ஒழிய, அதை விட்டு அயோடின் இல்லாத உப்புக்குப் போகக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் உணவில் உப்புச் சேர்க்க வேண்டியதே இல்லை. கடைசியாக, உப்பைக் குறைத்தாயிற்று என்று யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பரைப் பார்க்கப் போயிருந்தோம். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். எழுத்துக்கள் குழந்தை எழுதியவை போல் வரி தாண்டி ஓடுகின்றன. நம் ஜாடிக் கதையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர், மனைவியிடம் சொல்லி உப்பு ஜாடியைக் கொண்டுவரச் செய்தார். காகிதத் துண்டு ஒன்றை எடுத்து, வெகு நேரம் முயன்று, இடது கையால் அன்றைய தேதியை எழுதினார். "இதை முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே வலது கையால் எழுதியிருக்கலாம்" என்றார்.

நேயர்களுக்கு இன்னும் இரண்டு கைகளும் இருக்கின்றன. இன்றிரவு சமையலறை விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, ஜாடியின் மேல் தேதியை எழுதிவிடுங்கள். நாளைக்கு முடிந்தால் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். இதற்குச் சங்கற்பம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு பேனா இருந்தால் போதும்.